வைத்தியம் முடிந்துவிட்டதா?

(நமது சங்கத்தின் மும்பை கிளை மகளிர் அணி 2025-இல் நடத்திய கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)



"கேன்ஸரை வென்ற கதை" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் மாமா என்னைக் கேட்டுக்கொண்டார். அழைப்புக்கு நன்றி. தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டேன். நான் அதை வெல்லவில்லை. பன்னிரண்டாவது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்தி வருகிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கல்யாணத்திலோ கோவிலிலோ என்னைப் பார்ப்பவர்கள் அன்போடு கேட்கும் முதல் கேள்வி, "வைத்தியமெல்லாம் முடிஞ்சுடுத்தோன்னோ?" என்பது. "முடியவில்லை மாமி, அது முடியாது" என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு, "பகவான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒன்று, குணமாகிவிட வேண்டும். இல்லையென்றால் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவே பல வருஷங்கள் ஒருத்தி சாம்பார் வைத்து, பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டு வாழ முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

என் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 நவம்பரில் எனக்கு 49 வயது. ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தேன். தீராத முதுகுவலிக்காக எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பில் புள்ளிகள் தெரிந்தன. மூலம் எங்கே என்று தேடியபோது மார்பகத்தில் கட்டி இருந்தது, கல்லீரலிலும் பரவியிருந்தது. இதைத்தான் நான்காம் நிலை என்கிறார்கள். மார்பகத்தில் தொடங்கும் நோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற இடங்களுக்குப் போய்விட்டால் இன்றைய வைத்தியத்தில் பொதுவாக முற்றிலும் நீக்க முடிவதில்லை, கட்டுப்படுத்தலாம். சர்க்கரை வியாதிக்காரர் ஆயுள் முழுதும் மருந்து சாப்பிடுவது போல, மருந்து வேலை செய்யும்வரை அது, நின்றால் அடுத்தது.

என் கட்டியின் வகை "ஹெர்-2 பாஸிடிவ்". மார்பகப் புற்றுநோயில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த வகை. ஒரு காலத்தில் இது மிகவும் வேகமாகப் பரவும் கெட்ட வகை என்று பெயர் வாங்கியிருந்தது. 1998-இல் அமெரிக்காவில் ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறிற்று. எனக்கு வைத்தியம் ஆரம்பித்த 2014-இல்தான் பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் தயாரிப்பு விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டு மருந்தைவிட அது விலை குறைவு. நடுத்தரக் குடும்பத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வருஷக்கணக்கில் ஏற்ற வேண்டிய மருந்துக்கு அந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரங்களில் என் அகத்துக்காரர் புள்ளிவிவரங்களைப் படித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். புனேயிலிருந்து வந்த நாத்தனார் பிள்ளை ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தான். எழுதியவர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க அறிஞர். 1982-இல் அவருக்கு அபூர்வமான ஒரு புற்றுநோய் வந்தது. அதற்கு மீடியன் ஆயுள் 8 மாதம் என்று புத்தகங்கள் சொல்லின. 1985-இல் அவர் எழுதினார்: மீடியன் என்றால் பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள் என்று பொருள், மற்றப் பாதிப் பேர் எத்தனை காலம் இருப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. சிலர் வெகு தூரம் போகலாம். அவர் 20 வருஷம் இருந்தார். 2002-இல் வேறொரு புற்றுநோயால் காலமானார். நம் வீடுகளில் கணக்குக்கா பஞ்சம்? இந்தக் கணக்கு அன்று எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

என் வகை நோய்க்கு ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளியானது. ட்ராஸ்டுஸுமாபும் கீமோவும் மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம் பேர் எட்டு வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பெர்டுஸுமாப் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 சதவீதம். ஆகவே நான் ஒரு அதிசயம் இல்லை. என்னைப் போல் பலர் இருக்கிறார்கள். அதே கணக்கு, மற்றவர்கள் இல்லை என்றும் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் தவணை ஏற்றிய மூன்றாவது வாரம் தலைமுடி கொட்டியது; மொட்டை அடித்துக்கொண்டேன். மற்ற குடும்பங்களில் மொட்டை என்றால் திருப்பதிதான் ஞாபகம் வரும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு ஞாபகமும் உண்டு. என் மாமியாரின் அத்தை சிறு வயதிலேயே கணவனை இழந்து, தலையை மழித்து, நார்மடி உடுத்தி அறுபது வருஷம் வாழ்ந்தவர். மாமியாருக்கு அப்போது 78 வயது. இரண்டு நாள் என் அறைப் பக்கமே அவர் வரவில்லை. மூன்றாம் நாள் காலை குங்குமச் சிமிழோடு வந்து, தானே பெரிதாகப் பொட்டு வைத்துவிட்டு, "இந்தத் தலை அந்தத் தலை இல்லைடி. நெத்தியை மட்டும் வெறுமே விடாதே" என்றார். முடி திரும்பி வரும்வரை தினமும் அவர்தான் வைத்துவிட்டார். எனக்குக் கிடைத்த வைத்தியங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லோரும் அப்படி இல்லை. நெருங்கிய உறவில் ஒரு சுமங்கலிப் பிரார்த்தனைக்கு என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். "உடம்பு முடியாதவளைச் சிரமப்படுத்த வேண்டாம்னுதான்" என்று பிறகு சொன்னார்கள். முடியுமா, முடியாதா என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2017-இல் என் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். ஜாதகம் கொடுக்கும்போதே என் நோயைச் சொல்லிவிடுவதா, மறைப்பதா என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு. "யாராவது இதையெல்லாம் வெளியில் சொல்லுவாளா? குழந்தைக்கு இடமே அமையாது" என்றார்கள் உறவினர். சொல்வதென்று பெண்ணே முடிவு செய்தாள். எல்லாம் பொருந்திய ஓர் இடத்திலிருந்து, "பூக்கட்டிப் பார்த்தோம், சரியா வரலை" என்று தகவல் வந்தது. அன்று இரவு அவளும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்து வந்த இடத்தில் பிள்ளையின் தாயார் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமி, உங்களுக்கு மருந்து ஏத்தற தேதியெல்லாம் எது? அதுக்குத் தகுந்தாப்போல முகூர்த்தம் பார்த்துக்கலாம்." 2018 தை மாதம் கல்யாணம் நடந்தது. இரண்டு தவணைகளுக்கு நடுவே நாள் அமைந்தது. மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்து கொடுத்தோம்.

நம் பத்திரிகையில் வரன் பகுதியை எல்லோரும் முதலில் புரட்டுகிறோம். அதனால் இரண்டு உண்மைகளை இங்கே சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். ஹெர்-2 என்பது கட்டியின் குணம்; தாயிடமிருந்து பெண்ணுக்கு வருவதல்ல. இரண்டாவது, குடும்பத்தில் பலருக்கோ, இளம் வயதிலோ வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணு மாற்றம் தகப்பனார் வழியிலும் வரும். "அத்தைக்கு ஏதோ கட்டி, போயிட்டா" என்று மூடி மறைத்த குடும்பத்தில் இந்தத் தலைமுறைப் பெண் டாக்டரிடம் என்ன சொல்லுவாள்? மறைப்பதால் கல்யாணச் சந்தையில் ஏதோ லாபம் இருப்பதாகத் தோன்றலாம். நஷ்டம் அந்தப் பெண்களின் உயிர்.

2018 ஆகஸ்டில் கல்லீரலில் புதிதாக இரண்டு புள்ளிகள் வந்தன. மருந்தை நிறுத்தி, கேப்பசிட்டபின், லாபாடினிப் என்ற மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது, கைரேகை மங்கியது. விருப்ப ஓய்வு பெற்றிருந்த நான் நவம்பர் மாதம் பென்ஷனுக்காக ஆயுள் சான்று கொடுக்கப் போனேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் கைரேகை யந்திரம் என்னை ஏற்கவில்லை! கவுண்டரில் இருந்த பெண் தயங்கித் தயங்கி என்னைப் பார்க்க, "அம்மா, நான் இருக்கிறேன், சந்தேகம் வேண்டாம்" என்றேன். பிறகு அதிகாரி நேரில் பார்த்துப் படிவத்தில் கையெழுத்திட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் சிரித்த சிரிப்பு அக்கம்பக்கம் கேட்டது.

2021-இல் மறுபடியும் மருந்து மாற்றம். இப்போது எடுப்பது மூன்றாவது. இதுவரை 140-க்கும் மேற்பட்ட தடவை டே கேர் வார்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சில மாதங்களுக்கு ஒரு முறை இருதயத்துக்கு எக்கோ. எலும்புக்கு ஏற்றும் மருந்தால் தாடை எலும்பு கெட வாய்ப்பு உண்டு என்பதால் பல் பிடுங்குவதானால்கூட டாக்டரைக் கேட்டுத்தான். விரல் நுனி மரத்திருப்பதால் கோலப்பொடி சீராக விழாது. புள்ளிக் கோலத்தை விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டோம். இதெல்லாம் சேர்ந்ததுதான் என் வாழ்க்கை.

2014-இல் அதே வார்டில் என்னோடு ஆரம்பித்தவர்கள் ஆறு பேர் சிநேகிதமானோம். ஒரு குஜராத்திப் பெண், ஒரு மராத்தி ஆசிரியை, ரத்னகிரியிலிருந்து ராத்திரி ரயிலில் வரும் ஓர் அம்மாள்... இன்று இருப்பவர்கள் இரண்டு பேர். "உன் தைரியம்தான் உன்னைக் காப்பாத்தித்து" என்று சொல்லாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது அவர்களுக்காகத்தான். அந்த நால்வரும் என்னைவிடத் தைரியசாலிகள். அவர்கள் பிரார்த்தனையிலும் குறைவில்லை. அவர்கள் கட்டிக்கு மருந்து வேலை செய்வது நின்றது. என்னுடையதற்கு இன்னும் நிற்கவில்லை. நானும் தினமும் விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் பகவான் எனக்கு மட்டும் தனியாக அனுக்ரஹம் செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியாக, பல ஊர்களிலும் உள்ள அங்கத்தினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் தேசத்தில் ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் கிளையிலும் யாராவது இருப்பார்கள். "முடிஞ்சுடுத்தா?" என்பதற்குப் பதிலாக, "அடுத்த தவணை என்னிக்கு? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். நவராத்திரிக்கு எங்களையும் கூப்பிடுங்கள். முடியாவிட்டால் நாங்களே சொல்லிவிடுவோம். வைத்தியத்துக்காகப் பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வாங்க உதவுங்கள். நடக்கிற மருந்தை நிறுத்திவிட்டு வேறெதையாவது சாப்பிடும்படி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து மும்பைக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள். இங்குள்ள நம் கிளை இரண்டு அறைகள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று செயற்குழு யோசிக்க வேண்டும். சமையலுக்கு ஆள் வேண்டுமானால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். தவணை நாளும் மறுநாளும் மட்டும் விடுமுறை!