பழம்பொருளும் பிரயாணியும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



"சுற்றுலாவின் பயன்" என்ற பொருளில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். பயன் என்று தொடங்கினால் பேச்சு கடல்போல் விரியும். கேட்பவர்களுக்குக் கொட்டாவியும் வரும். ஆகவே சுற்றுலாவின் ஒரு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். நூதனசாலைகளுக்கும் பெரியோர் வாழ்ந்த இல்லங்களுக்கும் போகிறோமே, அங்கே என்ன செய்கிறோம் என்பதே என் பேச்சு.

கோயிலுக்குள் நுழைந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நம் சிறுபிள்ளைக்கும் தெரியும். பிள்ளையாரில் தொடங்கிச் சண்டேசுரரில் முடிப்போம். இடையில் எந்தச் சந்நிதியில் எவ்வளவு நேரம் நிற்பது என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூதனசாலைக்குள் மட்டும் நமக்குக் கால் நிற்பதில்லை. வாசலில் சீட்டு வாங்கியதும் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. கொழும்பு நூதனசாலை முழுவதையும் முக்கால் மணி நேரத்தில் "முடித்துவிட்டு" வெளியே ஐஸ்பழம் வாங்க நின்ற பஸ் கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன். என்ன பார்த்தாய் தம்பி என்று ஒருவனைக் கேட்டேன். "ராசாவின் சிம்மாசனம்" என்றான். வேறு? "நிறையச் சிலை ஐயா." அவன்மேல் குறை இல்லை, அவனை அழைத்து வந்தவர்கள் ஒரு கேள்வியையும் அவன் மடியில் முடிந்து அனுப்பவில்லை.

அந்தச் சிம்மாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1693இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தது அது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதனைக் கொண்டுபோயினர். 1934இல் திரும்பி வந்தது. கடைசியாக அதில் அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இளமைப் பெயர் கண்ணுச்சாமி. நாயக்கர் வழியில் வந்தவன். சிறைப்பட்ட மன்னனை வேலூருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். வைத்தியத்துக்காக வேலூர் போய் மாதக்கணக்கில் தங்குவோர் நம் ஊரிலும் உண்டு. அம்மன்னனின் சமாதி அவ்வூரிலேதான், பாலாற்றின் கரையில், முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. ஆசனத்தைக் கொழும்பில் பார்த்தவன் சமாதியை வேலூரில் பார்த்தால் கதை முழுமையாகும். ஒன்றை மட்டும் பார்த்தவனுக்கு அது நல்ல தச்சு வேலை, அவ்வளவே.

நம் கரையிலிருந்து போகிறவர்கள் அந்த நூதனசாலையில் தவறவிடக்கூடாத பொருள் ஒன்று உண்டு. சிம்மாசனத்தைப்போல மினுமினுப்பு இல்லாதபடியால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது ஒரு கற்பலகை. 1911இல் காலியில், ஒரு மதகின் மேல் மூடிக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது எழுத்துக்கள் தெரிந்தன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகள் அதில் உள்ளன. ஒரே செய்தியை மூன்று மொழியில் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். சீன எழுத்து புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ் எழுத்து தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குக் கொடுத்ததைச் சொல்கிறது; இவர் திருமால் என்பர். பாரசீக எழுத்து அல்லாஹ்வின் பேரால் கொடுத்ததைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தூரதேசத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவனுக்கு இத்தீவின் துறைமுகத்தில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள், எவரையும் விட்டுவிடக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் பாங்கொலி கேட்டும், மறுதெருவில் கோயில் மணி கேட்டும் வளர்ந்த அக்கரைப்பற்றுப் பிள்ளை அந்தக் கல்லின் முன் பத்து நிமிடமாவது நிற்கவேண்டாமா? எழுத்து தேய்ந்துவிட்டது, பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. ஆயினும் நின்று பாருங்கள்.

அக்கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில், 1877 தை முதலாம் திகதி திறக்கப்பட்டது. வரைபடம் சிமிதர் என்ற கட்டடக் கலைஞருடையது. கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும், அதுவே போதும் என்று மரைக்கார் சொன்னதாக வழிவழியாக ஒரு கதை வழங்குகிறது. வெகுமதி கேட்க வாய்ப்பு வரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்த மனிதர்.

இனி, என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி. பொலன்னறுவைச் சிவாலயத்தில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் கொழும்பில் இருக்கின்றன. நடராசர் இருக்கிறார். சுந்தரமூர்த்தி நாயனார் இருக்கிறார். தடுத்தாட்கொள்ளப்பட்ட அந்தக் கணத்துத் திகைப்பு முகத்தில் அப்படியே நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் எழுதினார். கண்ணாடிக்குள் இருக்கும் இத்திருமேனிகளைக் கும்பிடலாமா, வெறுமனே பார்க்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. கை தானே குவிந்தால் குவியட்டும். காவலாளி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கும்பிட்டுவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள் என்பேன். கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருக்கும். தீபாராதனையில் ஒரு கணம் முகம் தெரியும். வார்த்தவன் கை எப்படிப் போயிருக்கிறது, தூக்கிய திருவடி எந்தக் கோணத்தில் நிற்கிறது, திருவாசியின் சுடர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அங்கே பார்க்க முடியாது. அந்த வாய்ப்பு நூதனசாலையில்தான் கிடைக்கிறது. இக்காலத்தில் வேறொரு வழக்கம் வந்திருக்கிறது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, நடராசருக்கு முதுகைக் காட்டித் தம் முகத்தைப் படம் எடுக்கிறார்கள். இதைக் கும்பிடுவது என்பதா, பார்ப்பது என்பதா? எனக்கு விளங்கவில்லை.

நம்மவர்கள் அதிகம் போகும் ஊர் மதுரை. மீனாட்சியம்மன் தரிசனம், பிறகு புடைவைக் கடை, பிறகு இராமேசுவரத்துக்கு வண்டி. கோயிலுக்கு மிக அருகே மேலமாசி வீதியில் ஒரு வீடு இருக்கிறது. 1921 செப்டெம்பர் 22ஆம் திகதி, அந்த வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் நீக்கிவிட்டு முழத்துண்டோடு வெளியே வந்தார். வழியெல்லாம் ஏழைக் குடியானவனைக் கண்டு வந்த மனம் எடுத்த முடிவு அது. பின்பு இலண்டனுக்குப் போனபோதும் மாறவில்லை. அதே ஊரில் தமுக்கத்தில், இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில், 1959 முதல் காந்தி நினைவு நூதனசாலை நடக்கிறது. 1948 தை 30ஆம் திகதி அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, இரத்தக் கறையோடு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. துணியைக் குறைத்துக்கொண்ட வீடும், கடைசித் துணியும் ஒரே ஊரில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் மேலமாசி வீதி வீட்டை முதலில் பாருங்கள். வரிசை மாறினால் அந்தக் கறைபடிந்த துண்டு பாதிதான் பேசும்.

வீடுகளைப் பார்க்கும்போது கேட்கவேண்டியது இன்னொன்று: இவருக்கு முன் இங்கே யார் இருந்தார், பின் யார் இருந்தார்? சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று வட்டமுகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது. சுவாமிகள் 1897 தையில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணம் வழியாகத் தமிழகம் சென்று, மாசியில் ஒன்பது நாள் தங்கிய இடம். அதற்கு முன்னே அது என்ன தெரியுமா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கிடங்கு, கட்டப்பட்டது 1842இல். ஐஸ் ஹவுஸ் என்றால்தான் பழைய சென்னைவாசிக்கு விளங்கும். சுவாமிகளுக்குப் பின் அங்கே சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிப்பித்தார். பனிக்கட்டி, சந்நியாசி, பள்ளிக்குப் போகத் தொடங்கிய கைம்பெண்கள் என ஒரே கட்டடத்துக்கு இத்தனை பிறவி! சுவாமிகள் தங்கிய அறையில் கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள் மற்ற இரண்டையும் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

நிற்க. இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? அரைமணி நேரப் பஸ் பிரயாணத்தில் நிந்தவூரைத் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே மயில்வாகனம் என்ற பெயரோடு பிறந்தவர் சுவாமி விபுலானந்தர். அவர் நினைவாக அங்கே மணிமண்டபம் நிற்கிறது. அவர் சமாதி கல்லடி உப்போடையில், 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்து வளவில் இருக்கிறது. அவர் பாடிய பாடலொன்றை அங்கே பொறித்திருக்கிறார்கள். இங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேர் அதைப் போய் வாசித்தீர்கள் என்று கேட்டுக் கைதூக்கச் சொல்லப் போவதில்லை, அஞ்ச வேண்டாம்.

சுவாமிகளை இங்கே இழுத்துவந்ததற்குக் காரணம் உண்டு. சங்கநூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் யாழ் என்ற கருவி பேசப்படுகிறது. பாணர்கள் கையில் அது இல்லாத நேரமே இல்லை. ஆனால் பழைய யாழ் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணாய்ப் போயின. எடுத்து வைப்பவர் இல்லை. அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த நரம்புக் கருவியை ஏந்திய உருவங்கள் உண்டு. பர்மியர் சவுங் என்ற வில்யாழை இன்றும் வாசிக்கிறார்கள். தமிழனுடைய யாழை மட்டும் எந்த நூதனசாலைக்குப் போயும் காட்ட முடியாது. விஞ்ஞானப் பட்டதாரியான சுவாமிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுப் பல்லாண்டு உழைத்து யாழ் நூலை எழுதினார். 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் மறைந்தார். எவரோ ஒருவர் ஒரு யாழைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தால், அந்தப் பல ஆண்டுகளை அவர் வேறெதற்குச் செலவிட்டிருப்பாரோ!

இப்பொழுது நம் வீடுகளுக்கு வருகிறேன். வெற்றிலை வட்டா, படிக்கம், மரைக்கால், எழுத்தாணி, ஓலைக்கட்டு: இவை எத்தனை வீட்டில் மீதியாக இருக்கின்றன? பழைய பித்தளை வாங்க வருகிறவனுக்கு எடை போட்டுக் கொடுத்தவை ஒரு பக்கம். யுத்த காலத்தில் விட்டுவிட்டு ஓடியவை ஒரு பக்கம். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் கொண்டுபோனவை மற்றொரு பக்கம். இலங்கையில் அதிக உயிரைப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை மாவட்டமே. உயிர் போன இடத்தில் வட்டாவைப் பற்றிப் பேசுவது சிறுமை என்று சிலர் நினைக்கலாம். இறந்துபோன பாட்டியின் கை பட்ட பொருள் ஒன்றுகூட இல்லாத வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள், அது சிறுமையா என்று.

1969இல் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் நம் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு பகுதியாருக்கும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும், கோயில் வரிசைகளையும், கலியாணச் சீர்களையும் கேட்டு எழுதினார், படம் பிடித்தார். 2008இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் நம் முற்றத்தைப் பார்க்க நாமும் வேறொரு நாட்டு நூலகத்துக்குத்தான் போகவேண்டுமா?

காத்தான்குடியார் அப்படி இருக்கவில்லை. 2015இல் பிரதான வீதியிலேயே ஒரு மரபுரிமை நூதனசாலையைத் திறந்தார்கள். முன்னோரின் தொழில், உடை, புழங்குபொருள் எல்லாம் ஆளுயர உருவங்களோடு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கும்போது நம் வீட்டுப் பாத்திரமும் அவர்கள் வீட்டுப் பாத்திரமும் எவ்வளவு ஒன்று என்பது தெரியும். நம் மன்றத்தின் வாசிகசாலையில் இரண்டு அலுமாரி வெறுமையாக இருக்கிறது. பூட்டுள்ள அலுமாரிகள்தான். ஒரு கொப்பியும் வேண்டும்: பொருளின் பெயர், எந்த வீடு, யார் பாவித்தது, எதற்குப் பாவித்தது. இந்தக் கடைசி இரண்டையும் சொல்லக்கூடிய பெரியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் இவ்வருடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செயலாளர் தயாரித்த இவ்வருடச் சுற்றுலா நிகழ்ச்சி நிரலை எனக்குக் காட்டினார். காரைதீவில் கால்மணி நேரம், காத்தான்குடியில் தேநீர், கல்லடியில் கடற்குளிப்பு, பிறகு மட்டக்களப்புக் கோட்டை என்று இருக்கிறது. கோட்டை இருக்கட்டும், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தது, பார்க்க வேண்டியதுதான். கடற்குளிப்பையும் நான் தடுக்கவில்லை. காரைதீவுக்கு இரண்டு மணி நேரம், காத்தான்குடியில் தேநீருக்கு முன் ஒரு மணி நேரம், உப்போடைச் சமாதிக்கு அரைமணி என்று திருத்தித் தரவேண்டும். நேரம் போதாவிட்டால், விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படும் பஸ் ஐந்து மணிக்குப் புறப்படட்டும். பெயர் கொடுப்பவர்கள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.