முடவாட்டுக்காலும் பெட்ரித் தட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தாவரவியல் படிச்சவர்தானே, பெரணியைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பெரணி என்றதும் நம்மில் பலருக்கு ஹெர்பேரியத் தாள்தான் நினைவுக்கு வரும். ஆனால் கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களில் பலர் ஒரு பெரணியைக் குடித்தே இருப்பீர்கள். அதுதான் முடவாட்டுக்கால் சூப்! கடைக்காரர் கிழங்கு என்பார். உண்மையில் அது மரத்திலும் பாறையிலும் பற்றி வளரும் டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணியின் மட்டநிலத்தண்டு. பழுப்பு நிறச் செதில்கள் ரோமம் போல மூடியிருப்பதால், பார்வைக்கு ஆட்டுக்கால்தான். மூட்டுவலிக்கு நல்லது என்று மலைமக்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

இந்தத் தண்டின் மெத்தனால் சாறு பலவகை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2001-இல் 'ஃபிட்டோடெராப்பியா' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இதைக் கேட்டதும், "அப்போ ஆன்ட்டிபயாடிக் மாத்திரையை விட்டுட்டு சூப் குடிச்சாப் போதுமா சார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் தோய்த்த 6 மி.மீ. காகித வில்லையை வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விட்டுவிடுவோம். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டம் தட்டில் நடந்ததை மட்டுமே சொல்கிறது. வயிற்றில் செரித்து, இரத்தத்தில் கலந்து, நோயுள்ள இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று அது சொல்லாது.

இன்னொன்று, சூப் வைப்பது தண்ணீரில். ஆய்வில் சாறு எடுத்தது மெத்தனாலில். மெத்தனாலில் கரைவதெல்லாம் கொதிநீரில் இறங்கிவிடாது. மேலும், மலைமக்கள் இதைக் குடிப்பது மூட்டுவலிக்கு, கிருமிக்கு அல்ல. நாம் கண்ட வட்டத்தை அவர்கள் அனுபவத்துக்குச் சான்றாகக் காட்டினால், அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணித்தவர்கள் ஆவோம்.

'இயற்கைதானே, கெடுதல் என்ன?' என்றும் இருக்கக் கூடாது. நீலகிரியில் வளரும் டெரிடியம் என்ற பெரணியில் டாகிலோசைடு என்ற நச்சு இருக்கிறது. அந்தப் பெரணியைத் தொடர்ந்து மேயும் மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும்.

இங்கே பேராசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் பெரணியை ஆய்வுக்கு எடுத்தால், மாதிரியை முதலில் ஹெர்பேரியத்தில் வைக்கச் சொல்லுங்கள். மெத்தனால் சாற்றோடு கொதிநீர்ச் சாற்றையும், வெறும் கரைப்பான் தோய்த்த வில்லையையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வட்டம் வராவிட்டாலும் அதையும் எழுதட்டும்.

மற்றவர்களுக்கு ஒரே வார்த்தை: மலைக்குப் போனால் சூப்பை ருசித்துக் குடியுங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்ட்டிபயாடிக்கை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.