ஊதாரி யார்?

(ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



"ஊதாரி" என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இளைஞரை நோக்கியே வீசுகிறோம். தேநீர்க் கடையிலே நாலு நண்பருக்குக் காசு கொடுத்தவன் ஊதாரி. புதிய கைத்தொலைபேசி வாங்கியவன் ஊதாரி. இந்த ஏச்சு யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

செலவு என்பது 'செல்' என்னும் அடியிற் பிறந்த சொல். பழந்தமிழில் அதற்குப் போதல், பயணம் என்பதே பொருள். வருவது வரவு, செல்வது செலவு, அதிலே குற்றமில்லை. விரயம் என்பதோ வடமொழி 'வியய' என்பதன் திரிபு. அதுவும் ஆதியிற் செலவையே குறித்தது. அறுபது ஆண்டுகளில் 20ஆவதாகிய 'விய' என்பதும் அச்சொல்லே. பின்னரே தமிழில் அது வீண்செலவைக் குறிக்கலாயிற்று. அப்படியாயின், செலவு விரயமாவது எங்கே? அளவு தப்பும் இடத்திலே.

திருவள்ளுவர் இந்த அளவை வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்தார். தன் வலியையும் பகைவன் வலியையும் அரசன் அறிய வேண்டுமென்று தொடங்கியவர், இறுதி நான்கு குறள்களையும் பொருளின் வலிக்கே ஒதுக்கினார். உள்ளதை ஆராயாமற் செய்யும் உபகாரங்கூடச் செல்வத்தைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. நல்ல காரியத்துக்கும் அளவு உண்டென்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் வீடுகளைப் பாருங்கள். காணியை ஈடுவைத்து மகளின் சாமத்தியச் சடங்கை நடத்தியவரை 'பெரிய மனம் படைத்தவர்' என்கிறோம். கடன்பட்டு அந்தியேட்டிக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்டவரை 'கடமை தவறாதவர்' என்கிறோம். வட்டி ஏறிக் காணி கைமாறும்போது, மிச்சக் கடனைத் தலையிற் சுமப்பவன் யார்? ஊதாரி என்று நாம் ஏசிய அதே பையன்!

இளைஞர்களே, இதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பெற்றோரின் வியர்வையிலே வந்த காசை நண்பர் மெச்சுவதற்காக இறைப்பதும், ஊரார் மெச்சுவதற்காகக் காணியை ஈடுவைப்பதும் ஒரே நோய்தான். பிறர் கண்ணுக்காகச் செலவழிப்பவன் எந்த வயதினனாயினும் ஊதாரியே. கடன்பட்டுச் சோடனை செய்தால் நமது சங்கமும் அப்பெயருக்கு விலக்கன்று.

நாம் உலோபிகளாக வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வரவுசெலவுக்கு ஒரு கொப்பி இருக்கட்டும். ஒரு சடங்குக்கு நாள் வைக்குமுன், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாயிருந்து அதைப் பார்க்கட்டும். கடனைச் சுமக்கப் போகிறவனுக்கு அதைப்பற்றிப் பேசவும் இடம் கொடுப்போம்.