குப்பை ஏரிக்கரையில், நஞ்சு நம் கிணற்றில்!

(ஏரிக்கரைக் கண்டனக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நகரத்துக் குப்பையை நம்ம ஏரிப் புறம்போக்கில் கொட்டப் போறாங்களாம். கேட்டால், "மருந்து அடிச்சிடுவோம், நாத்தம் வராது" என்கிறார்கள். நாத்தத்துக்கு மட்டும் பயந்து நாம் இங்கே கூடவில்லை. மூக்குக்கே தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது.

மனுசன் உடம்பிலும் மாட்டின் உடம்பிலும் ஹார்மோன் சுரக்கிறது. பசு சினை பிடிப்பது, பால் சுரப்பது, பிள்ளை வளர்வது எல்லாம் அது இடும் உத்தரவு. துளியிலும் துளி போதும், வேலை நடக்கும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டும், கெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பீனால்-ஏயும் இந்த ஹார்மோன் வேலையில் குறுக்கிட்டு உடம்பை ஏமாற்றுகின்றன. அதனால்தான், "கொஞ்சூண்டுதானே" என்று விட முடியாது.

மழை பெய்தால் குப்பை மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணி இறங்கும். அதில் இந்த ரசாயனங்களும் கலந்து வரும். அடியில் கசியாத விரிப்பு இல்லாவிட்டால் ஏரிக்கும் கிணத்துக்கும்தான் போகும். இங்கிலாந்து ஆறுகளில் சாக்கடைக் கழிவு கலந்த இடங்களில், ஆண் மீன்களின் உடம்பில் பெண் மீனுக்குரிய முட்டைப் புரதம் இருந்ததை 1990-களில் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஹார்மோன் கெட்டால் இனமே பெருகாது.

கொளுத்தினால் இன்னும் மோசம். பிவிசி கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின் உண்டாகும். அது புல்லில் படியும், மாடு மேயும், கொழுப்பில் தங்கிப் பாலில் இறங்கும். சென்னை பெருங்குடிக் குப்பை மேட்டுக்கு அருகில் வாழ்ந்த தாய்மார்களின் தாய்ப்பாலில், மற்ற இடத்துத் தாய்மார்களைவிட அதிக டையாக்சின் இருந்ததாக 2004-ல் ஆய்வு வெளிவந்தது. அங்கே மேய்ந்த மாட்டுப் பால் வழியாக வந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. அதே மேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. பழைய சொட்டுநீர்க் குழாயையும், மருந்து டப்பாவையும் வரப்பிலேயே கொளுத்துகிறோம். இன்றோடு அதை நிறுத்துவோம். அப்போதுதான் அடுத்தவனைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

குளத்திலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டருக்குள் குப்பைக் கிடங்கு கூடாது என்று மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லின. ஏரிக்குள்ளேயே கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

நமது கோரிக்கைகள்:

1. ஏரிப் புறம்போக்கில் குப்பைக் கிடங்கு வேண்டாம்.

2. நகரத்திலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரிக்க வேண்டும். பிரிக்காத குப்பையை உரம் என்று நம் தலையில் கட்டக் கூடாது.

3. குப்பை எரிப்பதைத் தடுக்க வேண்டும்.

4. சுற்றியுள்ள கிணற்று நீரை அரசு செலவில் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

அடுத்த கிராம சபையில் வீட்டுக்கு ஒருவர் வாங்க. பெண்கள் கட்டாயம் வாங்க. தீர்மானம் போட்டுக் கையெழுத்து வைப்போம். கன்னுக்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும் பேச வாய் இல்லை. நாம்தான் பேசணும்.

ஏரியைக் காப்போம்! ஊரைக் காப்போம்!