2.8-க்குப் பிறகு



இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், பேனா தேடுகிற அளவுக்கு இல்லை.

அமெரிக்காவில் படிக்கிற ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு, தம்பி என்றே அழைப்போம். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். டாக்டராக வேண்டும் என்று ஆசை. அவனுடைய ஆசையா, வீட்டாருடைய ஆசையா என்பதை இப்போதைக்கு ஒத்திவைப்போம். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் விடுதி, புது நண்பர்கள், ‘எங்கே போனாய்’ என்று கேட்க ஆளில்லாத ராத்திரிகள். இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’, இயற்பியலில் ‘டி’. அப்புறம் சுதாரித்துக்கொண்டான், ஆனால் தாமதமாக. நான்கு வருடம் முடிந்து பட்டம் வாங்கியபோது அதோடு ஓர் எண்ணும் வந்து ஒட்டிக்கொண்டது. 2.8.

அங்கே ‘ஏ’ வாங்கினால் 4, ‘பி’ என்றால் 3, ‘சி’ 2, ‘டி’ 1. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து வருகிற சராசரியைத்தான் ஜி.பி.ஏ. என்கிறார்கள். 2.8 என்பது ஏறத்தாழ ஒரு ‘பி’. சாதாரண வேலைக்குப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே டாக்டராவதற்கான எம்.டி. படிப்பில் இடம் கிடைத்துச் சேருகிறவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டி நிற்கிறது. வருடத்துக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், சேருவது சுமார் 23 ஆயிரம் பேர்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். அங்கே முதலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் வாசலுக்கே வர வேண்டும். பால்டிமோரில் 1893-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டதாரிகளை மட்டுமே சேர்ப்பது என்று கறாராக நின்றது. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் நாடு முழுக்க மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, அந்தக் கல்லூரியையே முன்மாதிரியாகக் காட்டியது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தார்கள். அதனால்தான் தம்பியின் பதினெட்டு வயதுச் செமஸ்டரும் இன்றைக்கு அவனோடு சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

நீட்டை மறுபடி எழுதினால் பழைய மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. ஒரே நாள் பரீட்சையில் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. ஜி.பி.ஏ.வுக்கு அந்தக் குணம் கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பட்டத்துக்குத் தம்பி படித்தது 120 கிரெடிட். இனி ஒரு வருடம் முழுக்கப் படித்து, 30 கிரெடிட்டிலும் ஒன்று விடாமல் ‘ஏ’ வாங்குகிறான் என்று வையுங்கள். சராசரி எவ்வளவு ஏறும்? 3.04. அவ்வளவுதான். சரி, 3.5-க்குக் கொண்டுபோக எத்தனை கிரெடிட் வேண்டும்? 168. எல்லாமே ‘ஏ’. வருடத்துக்கு 30 என்றால் ஐந்தரை வருடத்துக்கும் மேலே, அதாவது முதல் பட்டத்தைவிடப் பெரிய இன்னொரு படிப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் பலர் ‘இன்னும் நாலு வகுப்பு எடுத்து ஜி.பி.ஏ.வை ஏற்றிவிடலாம்’ என்று பணம் கட்டுகிறார்கள்.

பழையதை அழிக்க வழி இல்லையா என்று கேட்பீர்கள். எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான விண்ணப்ப அமைப்பு ஒன்று இருக்கிறது, ஆம்காஸ் என்று பெயர். அது எதையும் மறப்பதில்லை. தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கினால் இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் கூட்டும். பள்ளியில் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஆசைக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். பதினாறு வயதில் வாங்கிய ‘சி’ இருபத்தாறு வயதில் வந்து நிற்கும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தருகிற கல்லூரிகளின் விண்ணப்ப அமைப்பு முன்பு கொஞ்சம் தாராளமாக இருந்தது. திரும்பப் படித்த பாடத்தின் புது மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். 2017-இல் அந்தச் சலுகையும் போயிற்று. டெக்சஸ் மாநிலத்தவர்களுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. பத்து வருடத்துக்கு முந்தைய படிப்பை மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஒதுக்கினால் அந்தக் காலத்தில் வாங்கிய ‘ஏ’யும் போய்விடும்.

ஆனால் இதே விண்ணப்பத்தில் ஒரு நல்ல சங்கதியும் இருக்கிறது. அந்த எண்ணை மொத்தமாக ஒரே வரியில் காட்டிவிட்டு விடுவதில்லை. முதல் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு, பட்டத்துக்குப் பின் படித்ததில் இவ்வளவு என்று வரிசை வரிசையாகப் பிரித்துக் காட்டுகிறது. படிக்கிறவர் கண் மேலிருந்து கீழே இறங்குகிறது. 2.3, 2.5, 3.1, 3.3, அதற்குக் கீழே 3.9. சராசரி இன்னும் 3.0-தான். ஆனால் கடைசி வரியில் உட்கார்ந்திருப்பவன் வேறொரு மாணவன். தம்பி செலவழிக்க வேண்டிய உழைப்பெல்லாம் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு, யாருக்கும் பிடிக்காத வேலை. மதிப்பெண் ஏன் விழுந்தது? வீட்டுக்குப் பணம் அனுப்ப வாரம் முப்பது மணி நேரம் வேலை பார்த்தானா? மனச்சோர்வு வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தானா? பள்ளியில் படித்த மாதிரியே பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தானா? காரணம் உயிரோடு இருக்கும்போது புதிதாக வகுப்பில் சேர்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஆறு மாதம் படிப்பையே தொடாமல் இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்துவிட்டு வரட்டும்.

பிறகு படிப்பு. பட்டத்துக்குப் பிந்தைய வகுப்புகளை ‘போஸ்ட்பேக்’ என்கிறார்கள். இதில் இரண்டு வகை. வரலாறோ இசையோ படித்துவிட்டு மருத்துவத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒன்று. அறிவியல் படித்து அதில் சறுக்கியவர்களுக்கு இன்னொன்று. தம்பிக்கு இரண்டாவது. ஒழுங்கான ஏற்பாட்டில்தான் சேர வேண்டும் என்றில்லை, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பாகவும் எடுக்கலாம். ‘டி’ வாங்கியதை மறுபடி படிக்கத்தான் வேண்டும். ‘சி’ வாங்கியதைத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட, அதற்கு மேற்படியான உயிர்வேதியியலிலும் உடலியங்கியலிலும் ‘ஏ’ வாங்கினால் கூடுதல் மதிப்பு. செமஸ்டருக்கு ஒரே ஒரு வகுப்பு என்று மெல்லக் கடிப்பதில் பயனில்லை. மருத்துவக் கல்லூரியில் ஐந்தாறு சுமை ஒன்றாகத் தலையில் ஏறும், அதைத் தாங்குவானா என்பதுதான் தேர்வுக் குழுவின் சந்தேகம்.

இன்னும் கடினமான வழி, சிறப்பு முதுகலைப் படிப்பு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975-இல் தொடங்கியதுதான் இதில் பழையது. முதல் வருட மருத்துவ மாணவர்களோடு அதே பாடங்களைப் படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் வாங்க வேண்டும். நன்றாகச் செய்துவிட்டால் அதைவிடப் பெரிய சான்று இல்லை. இங்கேயும் சறுக்கினால், எம்.டி. ஆசையை மடித்து வைக்க வேண்டியதுதான். செலவும் பல்லாயிரம் டாலர். முதுகலை மதிப்பெண் தனிக் கணக்கு, பழைய 2.8-ஓடு சேராது. இதை ஏஜெண்டு மாதிரிப் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், ஒரு வருடப் போஸ்ட்பேக்கில் தன்னைச் சோதித்துப் பார்க்காதவன் நேராக இதில் குதிக்கக் கூடாது.

மருத்துவக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான எம்கேட் பற்றி ஒரு வார்த்தை. ஏழரை மணி நேரம் பிடிக்கும். மதிப்பெண் 472-இல் தொடங்கி 528 வரை. சேருகிறவர்களின் சராசரி 511, 512. குறைந்த ஜி.பி.ஏ.வை எம்கேட் ஈடுகட்டிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதிதான் உண்மை. 2.8 வைத்துக்கொண்டு 520 வாங்குகிறவனைப் பார்த்து, ‘மூளை இருக்கிறது, உட்கார்ந்து படிக்க மாட்டான்’ என்று நினைப்பவர்களும் உண்டு. கடைசி வரி நன்றாக இருந்து எம்கேட்டும் நன்றாக இருந்தால்தான் ஒன்றுக்கொன்று துணை. பயிற்சிப் பரீட்சைகளில் வராத மதிப்பெண் அன்றைக்கு மட்டும் வந்துவிடாது. வாழ்நாளில் ஏழு முறை எழுதலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் எழுதிய ஒவ்வொரு முறையும் கல்லூரிக்குத் தெரியும்.

மருத்துவமனை அனுபவத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். கோடை விடுமுறையில் பிள்ளையை ஊருக்கு அனுப்பி, மாமா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் நிற்கவைப்பது. பார்த்துக் கற்றால் தவறில்லை. ஆனால் பயிற்சி இல்லாத பையன் கையில் ஊசியையும் தையல் நூலையும் கொடுத்துவிட்டு, அதை அவன் விண்ணப்பத்தில் பெருமையாக எழுதினால், தேர்வுக் குழுவினர் பதறிப்போவார்கள். வெளிநாட்டில் போய்த் தகுதிக்கு மீறிச் சிகிச்சை செய்யாதே என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் மாணவர்களுக்கு வழிமுறையே வகுத்திருக்கிறது. அதைவிட, சில மாதப் பயிற்சி எடுத்து ஆம்புலன்சில் வேலை பார்க்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைப் பதிவு செய்கிற ‘ஸ்கிரைப்’ வேலைக்குப் போகலாம். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றலாம். ராத்திரி மூன்று மணிக்கு வாந்தியைத் துடைத்த பிறகும் மறுநாள் போகத் தோன்றுகிறதா? எந்தப் பரீட்சையும் அதைக் கேட்பதில்லை.

தன்னைப் பற்றிய கட்டுரைக்கு ஆம்காஸ் கொடுக்கிற இடம் 5,300 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. விழுந்த கதைக்கு அதில் மூன்று வாக்கியம் போதும். என்ன நடந்தது, எதை மாற்றிக்கொண்டேன், மாற்றியதற்கு அடையாளம் எங்கே. பேராசிரியரைக் குறை சொல்லிப் புலம்பிய கட்டுரையில், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் புலம்பல்தான் மனதில் நிற்கும்.

டி.ஓ. என்ற பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு மௌனம் விழும். ‘அது என்ன, பாதி டாக்டரா?’ இல்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், மிசௌரியில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் 1892-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த மரபு அது. எலும்பும் தசையும் பற்றிக் கூடுதலாகக் கற்பிப்பார்கள். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எம்.டி. செய்வதையெல்லாம் செய்யலாம். 2020-லிருந்து இரு தரப்புக்கும், பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறுகிற ரெசிடென்சி பயிற்சி ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் நடக்கிறது. சேருகிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. எம்.டி.யைவிடச் சற்றுக் குறைவு. தம்பி போன்றவர்களுக்கு இதுதான் அகலமான கதவு. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்ற கவலைக்காக இதை மூடிவிட்டு, கரீபியன் தீவுகளுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே இடம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கர்களில், ரெசிடென்சிக்கு மோதி அந்த வருடமே இடம் பெறுகிறவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். உள்நாட்டில் எம்.டி., டி.ஓ. முடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இடம் கிடைக்காதவர்கள் பெரும் கடனோடு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஹெரால்டு வார்மஸ் என்று ஒருவர். புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்காக 1989-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவரை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. கொலம்பியா சேர்த்துக்கொண்டது. மதிப்பெண் குறைந்தவர் கதை அல்ல இது, ஒப்பிடவும் கூடாது. திருப்பி அனுப்புகிறவர்களுக்கும் தவறு நேரும் என்பதற்காகச் சொன்னேன்.

யாருடைய ஆசை என்று ஒத்திவைத்த கேள்வி ஒன்று இருந்ததே. ஸ்கிரைப் வேலையில் ஒரு வருடம் நின்ற பிறகு, ‘எனக்கு இது வேண்டாம், செவிலியர் படிப்புக்குப் போகிறேன்’ என்று தம்பி சொல்லக்கூடும். அல்லது, ‘எத்தனை வருடமானாலும் இதுதான்’ என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவன் வாயால் வரட்டும். ஆம்காஸ் ஒவ்வொரு மே மாதமும் திறக்கிறது. சில கல்லூரிகள் ஒருவர் எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கின்றன. அரைகுறையாக இந்த மே மாதமே அனுப்பிவிடலாம் என்று பெற்றோர் அவசரப்பட்டால், ஒரு முறை வீணாகும். ‘பையன் இப்போது என்ன செய்கிறான்?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ‘படித்துக்கொண்டிருக்கிறான்’ என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கொடுங்கள்.