வலை கழுவும் வேளை

(யூபிலி ஆயத்தத் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் கொடியேற்றம் உண்டு, நவநாள் உண்டு, சப்பரப் பவனி உண்டு, வாணவேடிக்கையும் உண்டு. வேண்டியவைதாம். ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாள் காலையில் நம் வீடுகளுக்குள் என்ன மிஞ்சும்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

"செபிக்க எங்கே சாமி நேரம்?" என்று நீங்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும் கரை இது. பூசை மணி அடிக்கும்போது ஆண்கள் நடுக்கடலில் இருப்பார்கள். பெண்கள் நண்டும் இறாலும் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறை இடுக்கில் பாசி பறிப்பார்கள். இவர்களிடம் போய், தினம் ஒரு மணி நேரம் முழந்தாட்படியிட்டுத் தியானம் செய்யுங்கள் என்று சொல்கிறவன் இந்தக் கரையை அறியாதவன்.

இதே கேள்வி 1551-ஆம் ஆண்டில் உரோமைக்குப் போயிற்று. படிப்பில் மூழ்கியிருக்கும் இளந்துறவிகள் எவ்வளவு நேரம் தியானம் செய்ய வேண்டும் என்று போர்த்துக்கல்லைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஒருவர் கேட்டார். புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்த பதிலின் சாரம் இது: நீண்ட தியானத்துக்கு அவர்களுக்கு நேரமில்லை, திருப்பலியும் குறித்த செபங்களும் நாள்தோறும் ஆத்தும சோதனையும் போதும், மற்றப்படி நடக்கையிலும் பேசுகையிலும் உண்கையிலும் கேட்கையிலும் இறைவனைத் தேடிப் பழகட்டும். கவனியுங்கள். தியானத்தைக் குறைக்கச் சம்மதித்த அந்தப் புனிதர் ஆத்தும சோதனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆத்தும சோதனை என்றதும் பாவசங்கீர்த்தனம் நினைவுக்கு வரும். பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்துப் பாவங்களை எண்ணுவது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். அது ஒரு பகுதிதான். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அனுமதியளித்த ஆன்மப் பயிற்சிகள் நூலில், இந்தச் சோதனைக்கு இஞ்ஞாசியார் வைத்த முதல் படி நன்றி. பாவக் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

கரைக்கு வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? களைப்பு எவ்வளவு இருந்தாலும் வலையைக் கழுவி, விரித்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கையில் வாங்கிப் பார்க்கிறீர்கள். சிக்கிய பாசியையும் சிப்பியையும் எடுத்துப் போடுகிறீர்கள். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று விரலே கண்டுகொள்கிறது. அறுந்ததை முடிந்துவிடுகிறீர்கள். வலையைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பவரை நான் பார்த்ததில்லை. ஒரு நாளை அப்படிக் கையில் வாங்கிப் பார்ப்பதுதான் ஆத்தும சோதனை.

சீமோனும் தோழர்களும் வலைகளை அலசிக்கொண்டிருந்த வேளையில்தான் ஆண்டவர் அவர் படகில் ஏறினார் என்று லூக்கா எழுதுகிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒரு மீனும் அகப்படாத காலை அது. டீசல் கடனை நினைத்தபடி வெறும் படகோடு திரும்பும் உங்களுக்கு அந்தக் காலையின் முகம் நன்றாகத் தெரியும்.

செய்யும் வகை எளிது. படுக்குமுன் பத்து நிமிடம். முதலில் நன்றி: பத்திரமாகத் திரும்பிய படகுக்கு, மீன்பாடு இல்லாத நாளிலும் கடனுக்கு அரிசி தந்த கடைக்காரருக்கு, காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு. பொதுவாகச் சொல்லாதீர்கள், பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். அடுத்து, தூய ஆவியின் ஒளியைக் கேட்டுவிட்டு, விடிந்தது முதல் நடந்தவற்றை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே மனம் இளகியது? எங்கே கல்லாயிற்று? யாருடைய முகத்தைப் பார்க்காமல் கடந்து போனேன்? பிறகு மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு வேண்டிய அருள்.

இதெல்லாம் துறவிகளுக்கு என்பீர்களோ? ஓரியூர் நமக்குத் தூரமில்லை. அங்கே சிறையிலிருந்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 3-ஆம் நாள் கரியால் தம் சகோதரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள், விபூதிப் புதன்கிழமை, தலை வெட்டுண்டார். அந்தக் கடிதத்தில் கலக்கம் இல்லை. அந்த உறுதி ஒரே இரவில் வந்திருக்காது. மறவர் சீமையில் கோயிலும் குருமடமும் இல்லாமல் அலைந்த ஆண்டுகளில், நாள்தோறும் தம் நாளைக் கையில் வாங்கிப் பார்த்த மனிதரின் உறுதி அது என்றே நான் எண்ணுகிறேன்.

இந்தச் செபம் ஆறுதல் தருவதோடு நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். உண்மையாகச் செய்தால் நாம் போக விரும்பாத இடத்துக்கும் அது நம்மைக் கொண்டுபோகும். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற பிள்ளைகளுக்காகத் தாய்மார் இந்தக் கோயிலில் அழுதிருக்கிறார்கள். பிடிபட்ட படகுகள் அக்கரையில் கிடந்து மக்கியிருக்கின்றன. அதை ஆண்டவரிடம் முறையிட நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே இரவில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். நம் இழுவைமடி ஓடிய பாதையில், நெடுந்தீவிலோ மன்னாரிலோ இருந்து வந்த ஒருவன் விரித்திருந்த வலை அறுந்ததா? அவன் நம் மொழி பேசுகிறவன். போரில் எல்லாவற்றையும் இழந்து, 2009-க்குப் பின் கடன்பட்டு அந்த வலையை வாங்கியவனாக இருக்கலாம். தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் கோயிலில் அவனும் நாமும் ஒரே பலிபீடத்தின் முன் நின்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

இரட்டைமடி நம் மாநிலத்திலேயே தடைசெய்யப்பட்டது. இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடுத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய பெரிய சிக்கல் இது என்பதும், கூலிக்குப் போகும் பிள்ளையின் தலையில் எல்லாப் பழியையும் ஏற்றுவது அநியாயம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியைப் படகு உரிமையாளரும் கேட்க வேண்டும், கூலிக்குப் போகிறவரும் கேட்க வேண்டும், உங்கள் காணிக்கையை வாங்குகிற நானும் கேட்க வேண்டும். கேட்காமல் செபமாலை சொல்லலாம்; ஆத்தும சோதனை செய்ய முடியாது.

வரும் வெள்ளிக்கிழமை முதல், சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் விளக்குகளைத் தணித்துவிட்டுப் பத்து நிமிடம் இதைச் சேர்ந்து செய்து பழகுவோம். கடலில் இருப்பவர்கள் வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அணியத்தில் உட்கார்ந்தே செய்யலாம். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு எதற்கு நன்றி சொல்வாய் என்று அவர்களிடம் முதலில் கேளுங்கள். பெரியவர்கள் வாய் திறக்கத் தயங்கும் வீடுகளில் பெரும்பாலும் அவர்கள்தாம் தொடங்கிவைப்பார்கள்.