ஆஸ்கருக்குத் துணை தேடுறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. விழுப்புரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, நாலடி தொட்டியில ஒரு ஆஸ்கர் வளர்க்கிறேன். தனியா இருக்கிறதப் பாத்தா பாவமா இருக்கு. கூட ஒரு ஃபிளவர்ஹார்ன் விடலாமா?"

விடாதீங்க தம்பி. ஃபிளவர்ஹார்ன் காட்டுல கிடைக்கிற மீன் இல்ல. 1990கள்ல மலேசியாவுல சில சிக்லிட் வகைகளைக் கலந்து உருவாக்கின கலப்பினம். தொட்டி முழுக்கத் தன்னோடதுன்னு நினைக்கும். அதைத் தனியா வளர்க்கிறதுதான் நல்லது. ஆஸ்கரும் தனியா இருந்தா ஏங்கிப் போகாது. சாப்பாடு போடுற ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிகிட்ட ஓடி வரும். பாவமா தெரியுறது நமக்குத்தான், மீனுக்கு இல்ல.

சரி, துணை வேணும்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா மூணு விஷயம் பாருங்க.

முதல்ல வாய். ஆஸ்கர் வாய்க்குள்ள நுழையிற எதுவும் அதுக்குத் துணை இல்ல, தீனி. கடையில ரெண்டு இஞ்ச்ல பாக்குற குட்டி, ஒரே வருஷத்துல எட்டு, பத்து இஞ்ச் ஆகிடும். முழுசா வளர்ந்தா ஒரு அடி. அதனால இன்னிக்கு இருக்கிற சைஸைப் பாக்காதீங்க, வளர்ந்த சைஸை வச்சு ஜோடி சேருங்க.

ரெண்டாவது இடம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தா சுமார் 250 லிட்டர். அது ஒரு ஆஸ்கருக்கே சரியா இருக்கும். துணையோட வளர்க்கணும்னா ஆறடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடி, அதாவது 650 லிட்டருக்கு மேல யோசிங்க. பெரிய மீன் நிறைய கழிவு போடும், அமோனியா ஏறும். நம்ம ஊர் மே மாசம் வேற. தண்ணி சூடானா அதுல ஆக்ஸிஜன் குறையும். அந்த நேரம் கரண்ட் போச்சுன்னா நெரிசலான தொட்டியில பெரிய மீன்தான் முதல்ல திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.

மூணாவது குணம். ஆஸ்கர் கூட, சண்டைக்கு வராத, ஆனா விழுங்க முடியாத மீன் வேணும். சில்வர் டாலர் அஞ்சாறு கூட்டமா விடலாம். டின்ஃபாயில் பார்ப் விடலாம், அதுவும் ஒரு அடி வரும், கூட்டமா இருக்கும், அதனால தொட்டி பெருசா வேணும். புதுசா விடும்போது கல்லு, கட்டையெல்லாம் இடம் மாத்தி வைங்க. "இது என் ஏரியா"ங்கிற கணக்கு பழைய மீனுக்கு மறந்துடும். முதல்ல பழைய மீனுக்குத் தீனி போட்டு, லைட்டை அணைச்சுட்டு விடுங்க. நடுவுல வைக்க ஒரு தடுப்பும் கையில இருக்கணும்.

இப்ப என் கதை. லாக்டவுன்ல திண்டிவனம் வீட்டுல இருந்தப்ப ரெண்டடி தொட்டியில ஒரு ஆஸ்கர், ஆறு மோலி, ஒரு சக்கர் வாங்கி விட்டேன். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்"னாரு. ஒரு மாசத்துல மோலி ஒண்ணு கூட இல்ல. சக்கர் பாசியைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு நினைச்சேன். அது ராத்திரியில ஆஸ்கர் உடம்புல ஒட்டி வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிச்சுது. ஆஸ்கரை ஒரு நண்பர் பெரிய தொட்டிக்கு வாங்கிக்கிட்டார். சக்கரை யாரும் வாங்கல. ஒரு சாயந்திரம் பக்கெட்ல எடுத்துட்டுப் போய் ஏரியில விட்டுட்டேன். உயிரைக் காப்பாத்திட்டோம்னு பெருமை வேற.

அந்த மீன் தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. உடம்பு முழுக்கக் கவசம், துடுப்புல முள்ளு. காத்தை விழுங்கியே மூச்சு விடும், அழுக்குத் தண்ணியிலயும் சாகாது. கரையைக் குடைஞ்சு முட்டை போடும், வலையைக் கிழிக்கும். சென்னை சுற்றுவட்டார நீர்நிலைகள்லயும் கொல்கத்தா சதுப்பு நிலத்துலயும் மீன் பிடிக்கிறவங்க இதோட மல்லுக்கட்டுறாங்க. எல்லாமே ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் வீட்டுத் தொட்டியிலயோ பண்ணையிலயோ இருந்ததுதான்.

நம்ம மாவட்டத்துல ஏரிக்கு ஏரி வாய்க்கால் இருக்கு. திண்டிவனம், வானூர் பக்கத்துப் பல ஏரிகளோட உபரி நீர் கழுவேலியில போய்ச் சேருது. 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, 2024ல ராம்சர் தளமும் ஆச்சு. ஒரு பக்கெட் மீன் அங்க வரைக்கும் போகலாம். நான் விட்டதை இனிமே திரும்பப் பிடிக்க முடியாது.

அதனால தம்பி, "எதைக் கூட விடலாம்?"னு கேக்குறதுக்கு முன்னாடி கடையில இதைக் கேளுங்க: "ஒத்துப்போகலன்னா, பெருசாகிட்டா, நீங்க திரும்ப எடுத்துக்குவீங்களா?" மாட்டேன்னு சொன்னா வாங்காதீங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா பெரிய தொட்டி வச்சிருக்கிற ஆளைத் தேடுங்க. ஏரி பக்கம் மட்டும் போகாதீங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.